ஊசித் திகதி ஆறாவது படி: வன்னியில் முதியவர்களுக்குத் துணைபோகும் தொண்டர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதிதாகச் சேரும் தொண்டர் அநேகமாக முதலில் செய்வது எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போன் எடுப்பதுதான். "எங்கட ஊரில வயசுபோன ஆக்கள் நாப்பது பேர் இருக்கினம், ஒரு திகதி தாங்கோ" என்று கேட்பார். திகதியும் கிடைத்துவிடும். அந்த நாள் விடிந்தால் பாதிப்பேர்கூட வந்திருக்க மாட்டார்கள். ஒருவருக்கு அன்று கிளினிக். ஒருவருடைய அடையாள அட்டை மகளிடம், மகள் வவுனியாவில். ஒருவர் வெறும் வயிற்றோடு வந்து லைனில் மயங்குவார். இன்னொருவருக்கு நாளே தெரியாது. சொன்னது மருமகனிடம், மருமகன் மறந்துபோனார்.

2021இல் கொவிட் ஊசிக்காக ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தபோது இவ்வளவு பிழையும் நானே விட்டிருக்கிறேன். பிறகு வந்த பிள்ளைகளும் அதே குழிகளில் விழுந்தார்கள். கீழே உள்ள ஒழுங்கு அப்படி விழுந்தெழும்பி வந்தது. எந்த ஊசி நாள் அறிவித்தாலும், கண் பரிசோதனைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதென்றாலும் இது பொருந்தும். திகதி கேட்பதற்கு முன் ஐந்து படிகள் இருக்கின்றன.

தொடங்க முன் ஒரு விலக்கு. நாய் கடித்தவருக்கு இந்த வழிகாட்டி இல்லை. அவருக்குத் திகதியும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

1. முதலில் நான்கு பேரைச் சந்தியுங்கள்

கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். நால்வரையும் நேரில் பாருங்கள், போன் போதாது. ஊரில் முதியோர் சங்கம் இயங்கினால் அதன் செயலாளரையும் சேருங்கள்.

காரணம் எளிது. ஜி.எஸ்.இடம் (கிராம அலுவலரிடம்) ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். குடும்பநல மிஸ் ஒவ்வொரு வீட்டு முற்றத்தையும் அறிந்தவர், யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். இவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் இன்னொரு பட்டியல் தயாரித்தால் ஊசி நாளன்று மேசையில் இரண்டு பட்டியல் கிடக்கும். சண்டை அங்கே தொடங்கும், நடுவில் நிற்பது ஆச்சிதான்.

கேட்க வேண்டியது மூன்று: இந்த ஊசி யாருக்கு, எந்த வயதிலிருந்து; எங்கே போடுவார்கள்; பதிவு இருக்கும் இடத்தைப் பார்ப்பார்களா, வசிக்கும் இடத்தைப் பார்ப்பார்களா. மூன்றாவதைக் கட்டாயம் கேளுங்கள். இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பதிவு ஓரிடம், இருப்பு ஓரிடம் என்று வாழும் முதியவர்கள் நிறைய. பதிவு புதுக்குடியிருப்பில் கிடக்கும், ஆள் மகளோடு மாங்குளத்தில் இருப்பார்.

2. வீடு வீடாகப் போய்க் கொப்பியில் எழுதுங்கள்

போனில் எழுத வேண்டாம். சி.ஆர். கொப்பி ஒன்று, பேனை இரண்டு. போன் சார்ஜ் இறங்கும், மழையில் நனையும், நீங்கள் கொழும்புக்குப் போனால் உங்களோடு போய்விடும். கொப்பி ஊரில் இருக்கும்.

வாசலில் நின்றபடியே "பேர் சொல்லுங்கோ" என்று தொடங்காதீர்கள். பெயர் எடுக்க வந்திருக்கிறோம் என்றால் இங்கே சில வீடுகளில் பேச்சு சட்டென்று நின்றுவிடும். எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்குப் பெயர் கொடுத்த சனம் இது. முதலில் இருங்கள், நீங்கள் யாருடைய பிள்ளை என்று சொல்லுங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். இந்தப் பட்டியல் எதற்கு, யார் கையில் இருக்கும், வேலை முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று சொன்ன பிறகு கொப்பியைத் திறவுங்கள். "ஏன் பிள்ளை, இதைக் கொண்டுபோய் ஆருக்குக் குடுக்கிறாய்?" என்று ஒரு அப்பு கேட்டால் அது நியாயமான கேள்வி. முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கம் விடுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், அதன் கீழே ஊரில் கூப்பிடும் பெயர். ஊர்ப்பெயர் இல்லாவிட்டால் ஆட்டோக்காரருக்கு வீடு பிடிபடாது. ஒரே ஒழுங்கையில் மூன்று செல்லம்மா இருப்பார்கள். அடுத்து வீட்டுக்கு வழி. முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் இடதுகரையா வலதுகரையா என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு வாய்க்கால், மதகு, கடை, கோயில். "பெரிய பாலை மரத்தடி" என்று எழுதினால் போதாது, வன்னியில் பாலை மரத்துக்கா பஞ்சம்.

போன் எண் எழுதும்போது அது யாருடையது என்றும் எழுதுங்கள். முதியவருக்கு என்று கொடுக்கப்படும் எண் பலமுறை பேரனுடையது, பேரன் கட்டாரில் இருப்பான். போனே இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு எண்ணை, அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, அவர் வர விரும்புகிறாரா. இதை மகனிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். விருப்பமில்லை என்றால் ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். அது நேர்ஸ் அல்லது டொக்டர் பதில் சொல்ல வேண்டிய இடம். நீங்கள் தெரிந்தவர்போல மருத்துவம் பேசி ஒரு சொல் பிழைத்தால் அந்த ஒழுங்கை முழுக்க அடைபட்டுவிடும்.

3. அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள்

"இருக்கு தம்பி, பெட்டிக்குள்ள இருக்கு" என்ற பதிலை ஏற்க வேண்டாம். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருப்பது சிலவேளை போட்டோப் பிரதி, சிலவேளை செத்துப்போன கணவருடைய அட்டை.

இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை குறையும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருப்பார்கள். 48573 என்று தொடங்கினால் 1948இல் பிறந்த பெண். 573இல் 500 போனால் 73. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவார்கள், ஆகவே 73ஆவது நாள் மார்ச் 13. புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாக வரும்: 1948573.

இது எதற்கு? "எனக்கு எண்பது வயசு" என்பார், அட்டை எழுபத்திரண்டு சொல்லும். "அறுபத்துநாலு புயலுக்கு எனக்குப் பத்து வயசு" என்று கணக்குச் சொல்பவரும் உண்டு. அவர் சொல்வதே சரியாக இருக்கலாம், ஆனால் மேசையில் இருப்பவர் பார்ப்பது அட்டையைத்தான். வயது எல்லைக்குக் கிட்ட நிற்பவர்களை நீங்களே எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஐயாவின் அட்டையில் 500 கூடியிருந்தால் கையில் இருப்பது ஆச்சியின் அட்டை.

பழைய இலக்கத்தை எழுதும்போது கடைசி எழுத்தையும் எழுதுங்கள். எல்லாருக்கும் 'வி' என்று நினைத்து எழுதுவார்கள், 'எக்ஸ்' உள்ளவர்களும் இருக்கிறார்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் அவருடைய கிளினிக் கொப்பியில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். நீங்கள் புதிதாக ஓர் எழுத்துக்கூட்டல் கண்டுபிடித்தால் அது நான்காவது எழுத்துக்கூட்டலாக இருக்கும்.

அட்டை தொலைந்தவருக்கு உடனே பொலிஸ் முறைப்பாடு, பிறகு கிராம அலுவலர், அவர் மூலம் பிரதேச செயலகம். இதற்கு நாளெடுக்கும், ஆகவே முதல் வாரமே தொடங்குங்கள். அதுவரை வேறெந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று பரிசோதகரிடம் கேட்டுவையுங்கள். 60 வயது தாண்டியவர்களுக்குப் பிரதேச செயலகம் மூலம் கிடைக்கும் முதியோர் அடையாள அட்டை இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். லைனில் முன்னுரிமை கேட்க அது உதவும்.

4. உடம்பைப் பற்றிய கேள்விகள்

நீங்கள் முடிவு சொல்வதற்காக இல்லை. நேர்ஸ் கேட்கும்போது ஆச்சி பதற்றத்தில் "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிடுவார். அங்கே எடுத்துக்கொடுக்க உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ உடம்பு தடித்து மூச்சு முட்டியதா? இரத்தம் உறையாமல் இருக்க வோஃபரின் போன்ற குளிசை எடுக்கிறாரா? எடுப்பவருக்கு ஊசி போட்ட இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா? இதை ஊசி நாளன்று காலையில் திரும்பவும் கேளுங்கள். கிளினிக் கொப்பி எங்கே, அடுத்த கிளினிக் எப்போது?

எங்கள் பக்கத்துக்கென்று இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று சிறுநீரகம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோயாளர்கள் குறைவில்லை. இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் இரத்தக் குழாய் இணைத்திருந்தால் அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிரெஷரும் பார்க்கக்கூடாது. மற்றக் கை என்று கொப்பியில் பெரிதாக எழுதுங்கள். இரண்டாவது, கையில் செல் (எறிகணை) துண்டு. பலர் அதைப் பற்றிச் சொல்லவே மாட்டார்கள். அவர்களுக்கு அது வருத்தமாகவே தெரியாது, உடம்போடு ஒன்றிப்போய்விட்டது. தோளில் தழும்போ உள்ளே துண்டோ இருந்தால் எந்தப் பக்கம் என்று எழுதி நேர்ஸிடம் சொல்லுங்கள்.

இந்தப் பகுதியைப் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் கேட்காதீர்கள்.

5. வாகனம் உறுதியாகாமல் திகதி கேட்காதீர்கள்

ஊசி இலவசம். ஆட்டோ இலவசமில்லை. நின்றுபோன வேலைகளில் அரைவாசி இந்த இடத்தில்தான் நின்றது.

ஆட்களை மூன்றாகப் பிரியுங்கள். தாங்களாக வரக்கூடியவர்கள், வீட்டு மோட்டார் சைக்கிளில் வருபவர்கள், வாகனம் தேவைப்படுபவர்கள். மூன்றாவது கூட்டத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். எல்லாருக்கும் வாகனம் என்று அறிவித்தால் நடக்க முடியாதவருக்கு இடமில்லாமல் போகும். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றலாம் என்று உற்சாகமாக யாராவது சொல்வார்கள். முழங்கால் மடங்காத ஆச்சியை அதில் ஏற்றிப் பார்த்தவன் நான், வேண்டாம். ஓர் ஆட்டோவுக்கு இரண்டு முதியவர், ஒரு துணை. அதற்கு மேல் வேண்டாம்.

ஆட்டோக்காரரோடு போகும் காசு, காத்திருக்கும் காசு இரண்டையும் முன்கூட்டியே பேசி எழுதுங்கள். யார் கொடுப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள்: குடும்பமா, சங்கமா, வெளிநாட்டிலிருக்கும் உறவா. எதுவானாலும் முதியவரிடம் தொண்டர் கையில் காசு வாங்கக்கூடாது, பெற்றோலுக்கென்றாலும்தான். ஒருவர் நூறு ரூபா வாங்கினால் அடுத்த வாரம் 'ஊசிக்குக் காசு எடுக்கினம்' என்ற கதை மல்லாவி வரை போயிருக்கும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் விடியப்புறத்தில் யானை வீதியில் நிற்கும். வெளிச்சம் வர முன் யாரையும் ஏற்ற வேண்டாம். "முதல் லைனில நிண்டால் கெதியா வரலாம்" என்று அவசரப்படுபவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். மாரியில் எந்த மதகு மூழ்கும் என்பதை ஊர்க்காரரிடம் கேட்டு மாற்றுப் பாதையையும் எழுதுங்கள்.

6. இப்போது திகதி கேளுங்கள்

கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எத்தனை பேர், எத்தனை பேருக்கு நடக்க முடியாது, எத்தனை பேர் படுக்கையில் என்று எண்ணோடு கேட்டால் அங்கேயும் எண்ணோடு பதில் வரும்.

அதற்கு முன் கூடாத நாட்களை அடையாளமிடுங்கள். கிளினிக் நாள். முதியோர் உதவிப்பணம் எடுக்கும் நாள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் என்றால் அன்றும் அதற்கு முன்பின்னும் ஒருவரும் வரமாட்டார்கள், கேட்கவே வேண்டாம். தை மாசியில் காலபோக அறுவடை. முதியவர் வயலுக்குப் போகாவிட்டாலும் அவரைக் கூட்டிவர வேண்டிய மகன் வயலில் நிற்பார்.

நேரத்தைப் பிரித்துக் கேளுங்கள். நாற்பது பேரையும் எட்டு மணிக்கு வரச்சொன்னால் கடைசி ஆளுக்கு மதியம் தாண்டும். பத்துப் பத்துப் பேராக, ஒரு மணித்தியால இடைவெளி. பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் அது இலகு.

ஒன்லைன் பதிவு கேட்டால் பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு போன் எண்ணுக்கு எத்தனை பேரைப் பதியலாம் என்று முதலில் பாருங்கள். உங்கள் எண்ணிலேயே எல்லாரையும் பதிந்தால் ஞாபகமூட்டும் எஸ்.எம்.எஸ். முழுக்க உங்களுக்குத்தான் வரும், ஆச்சி வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருடைய எண்ணில் பதியும்போது அவரோ வீட்டாரோ பக்கத்தில் இருக்க வேண்டும், வரும் இரகசிய இலக்கத்தை அவர்களே வாசிக்க வேண்டும். "நம்பர் வந்தா எனக்கு வட்ஸ்அப்பில போடுங்கோ" என்று பழக்கிவிட்டால் நாளைக்கு மோசடிக்காரன் கேட்டாலும் அதே மாதிரி அனுப்பிவிடுவார்கள்.

திகதி கிடைத்ததும் பெரிய எழுத்தில் துண்டு எழுதி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கிழமை, திகதி, நேரம், இடம், ஏற்ற வரும் ஆட்டோக்காரர் பெயர். திகதியை மட்டும் எழுதாதீர்கள். முதியவர்கள் கிழமையைத்தான் பிடிப்பார்கள். "வாற வியாழன்" என்றால் அது எந்த வியாழன் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

7. முதல் நாள் பின்னேரம்

திரும்ப ஒரு தடவை போங்கள் அல்லது போன் எடுங்கள். நான்கு விஷயம்தான்.

சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். இதை இரண்டு தரம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி என்றால் சீனி பார்க்க வெறும் வயிற்றோடு போவது என்று பழகியவர்கள். சொல்லாவிட்டால் பிளேன்ரீகூடக் குடிக்காமல் வருவார்கள். சீனி வருத்தக்காரர் அப்படி வந்தால் ஊசிக்கு முன்பே சாய்ந்துவிடுவார். வழமையான குளிசைகளை வழமைபோல எடுக்க வேண்டும், டொக்டர் நிறுத்தச் சொல்லியிருந்தாலொழிய.

சட்டைக் கையைத் தோள்வரை உயர்த்தக்கூடிய உடுப்பு. இறுக்கமான முழுக்கை பிளவுஸ் போட்டு வந்த அம்மாவை மறைப்பில்லாத மண்டபத்தில் என்ன செய்வது?

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, இருந்தால் முந்தைய ஊசி அட்டை. மூன்றையும் ஒரு பையில் போட்டு வாசல் கதவில் கொழுவச் சொல்லுங்கள்.

கண்ணாடியும் காது மெசினும். மறந்துவிட்டால் அங்கே சொல்வது எதுவும் கேட்காது.

8. ஊசி நாள்

மூன்று பேர் வேண்டும். ஒருவர் வாசலில் கொப்பியோடு, ஒருவர் உள்ளே லைனில், ஒருவர் ஊசி போட்டபின் இருக்கும் கதிரைகளுக்குப் பக்கத்தில். இரண்டு பேர்தான் என்றால் வாசலை விடுங்கள், கதிரைப் பக்கத்தை விடாதீர்கள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், உபரிப் பேனை, ஒரு பழைய சால்வை கொண்டுபோங்கள். சால்வை மறைப்புக்கு.

ஊசி போட்டபின் குறைந்தது 15 நிமிடம் இருக்க வேண்டும். முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர் 30 நிமிடம். ஆபத்தான ஒவ்வாமை வந்தால் அநேகமாக இந்த நேரத்துக்குள்ளேயே காட்டும். புதிய தொண்டர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: ஆட்டோ காத்திருக்கிறது என்று ஐந்தாம் நிமிடத்தில் எழுப்பிவிடுவார்கள். மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ, உடம்பு தடித்தாலோ நேர்ஸைக் கூப்பிடுங்கள், நீங்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வீட்டுக்குப் போனபின் அப்படி நடந்தால் 1990 அம்புலன்ஸ். அந்த இலக்கத்தை நேரத்துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

புறப்பட முன் ஊசி அட்டையை வாங்கி நீங்கள் வாசியுங்கள். பெயர், இலக்கம், ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், திகதி. பிழையிருந்தால் அந்த மேசையிலேயே திருத்த இரண்டு நிமிடம். பிறகு திருத்தப் போனால் ஒரு பஸ் பயணம், ஒரு நாள்.

9. வராதவர்களும் படுக்கையில் இருப்பவர்களும்

சில ஊசி மருந்துகள் பலருக்கான குப்பியில் வரும். 2021இல் போட்ட கோவிஷீல்ட் என்ற கொவிட் ஊசிக் குப்பி 10 பேருக்கு. திறந்தால் 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது, மிஞ்சினால் எறிய வேண்டியிருந்தது. ஆகவே பட்டியலின் அடியில் கிட்ட வசிக்கும் நாலைந்து பேரைத் தயாராக வையுங்கள், கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வரக்கூடியவர்களாக. இதைப் பரிசோதகரோடு முன்பே பேசியிருக்க வேண்டும். உங்கள் சொந்தக்காரரை அதில் முதலாவதாகப் போடாதீர்கள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து போடுவதற்கும் இதே கணக்குத்தான். ஒரு வீட்டுக்காகக் குப்பி திறக்க அவர்களுக்கு மனம் வராது. படுக்கையில் இருப்பவர்களை ஒரே பாதையில் வரிசைப்படுத்தி, பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்து, வழியோடு கொடுத்தால் வருவார்கள். அந்தப் பயணத்தில் நீங்கள் முன்னால் மோட்டார் சைக்கிளில் போங்கள். வாகனம் வீடு தேடி அலைந்தால் கடைசி வீட்டுக்கு நேரம் இராது. ஊசி போட்ட வீட்டிலும் அந்தப் பதினைந்து நிமிடம் உண்டு, நேர அட்டவணையில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா வராமல் விட்டவரை அன்று பின்னேரமே போய்ப் பாருங்கள். ஏசுவதற்கில்லை. விழுந்து கிடந்திருக்கலாம்.

10. அடுத்த ஊசி

இரண்டாவது ஊசி இருந்தால் திகதியை மேசையில் கேட்டு அங்கேயே கொப்பியில் எழுதுங்கள், நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். இடைவெளி ஊசிக்கு ஊசி மாறும். 2021இல் சைனோபாமுக்கு 4 வாரம், கோவிஷீல்டுக்கு 12 வாரம் என்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் திகதியைத் தன் திகதி என்று நினைத்து அன்று வந்து திரும்பிப் போனவர்கள் பலர். மருந்து வரத் தாமதித்தால், தாமதம் என்றும் போய்ச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் "முதல் ஊசி வீணாப் போச்சாம்" என்று ஊரே முடிவெடுத்துவிடும்.

மறுநாள் ஒரு போன். கை நோ, இலேசான காய்ச்சல், உடம்பு அலுப்பு ஒன்றிரண்டு நாளில் அடங்கும். பனடோல் எடுக்கலாமா, எத்தனை என்பதை ஊசி போட்ட இடத்தில் சொன்னபடி செய்யட்டும்; ஈரல் வருத்தம் உள்ளவர் கேட்காமல் எடுக்க வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் ஆஸ்பத்திரி.

ஊசி அட்டையை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் போட்டுக் கொடுங்கள். கறையான் அரித்த ஊசி அட்டைகள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பதிவுக்காக உங்கள் போனில் எடுத்த அடையாள அட்டைப் படங்களை அன்றிரவே அழியுங்கள், வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் அங்கேயும். கொப்பியைச் சங்கத்தின் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். திறப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.